கருப்பு டப்பாவின் மேல் விழும் பழி

சென்னையில் இருசக்கர வாகனப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் புதுப்பேட்டைப் பக்கமும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டின் உள்சந்துகளிலும் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வேலை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சீட்டைக் கழற்றி, பக்கவாட்டு மூடியை எடுத்து, உள்ளேயிருந்து ஒரு கருப்பு பிளாஸ்டிக் டப்பாவை உருவி ஓரமாகப் போடுவார்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டர் அது. வண்டிக்காரர்கள் சொல்லும் குறைகள் பலவிதம்: பிக்கப் இல்லை, ஐட்லிங் நிற்கவில்லை, டேங்க் ஃபுல் பண்ணினால் அடைத்து அடைத்து ஓடுகிறது, நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கும்போது அணைந்துவிடுகிறது. மருந்து மட்டும் ஒன்றுதான்: டப்பாவைத் தூக்கு, டம்மி போடு. கழற்றிய பிறகு வண்டி ஒழுங்காக ஓடுவதும் பல சமயம் உண்மை. அந்த உண்மையை ஒப்புக்கொண்டேதான் சொல்கிறேன், பழி தப்பான இடத்தில் விழுகிறது. குறை பெரும்பாலும் டப்பாவுக்குப் போய்வரும் குழாய்களிலும், பெட்ரோல் போட்டுக்கொள்ளும் பழக்கத்திலும் இருக்கிறது. ஆனாலும் டப்பாதான் கழன்று விழுகிறது. அதற்குக் காரணம் எஞ்சினுக்குள் இல்லை, பட்டறையில் கூலி பேசப்படும் விதத்தில் இருக்கிறது.

டப்பாவுக்குள் இருப்பது கிளர்வூட்டிய கரி. வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் சூடாகும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி விரிந்து வெளியேறப் பார்க்கும். ஒரு குழாய் அதைக் கரிக்குக் கொண்டுபோகிறது. கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது இன்னொரு குழாய் அந்த ஆவியை உறிஞ்சி எஞ்சினுக்கே எரிக்கக் கொடுக்கிறது. அப்போது வெளிக்காற்று உள்ளே வந்து கரியைக் காலிசெய்ய மூன்றாவதாக ஒரு வாய் திறந்தே இருக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிட இழுப்பே (வாக்கும்) இந்த உறிஞ்சும் வேலையைச் செய்துவிடும். இன்ஜெக்ஷன் வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. சொல்லும்போது மட்டும் திறக்கும் ஒரு சின்ன மின்வால்வு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1980களிலேயே மோட்டார் சைக்கிளுக்கு இந்த டப்பா வந்துவிட்டது. இந்தியாவில் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) மாசு விதிகளோடு வந்தது: புதிய மாடல்களுக்கு 2016 ஏப்ரல், எல்லா வண்டிகளுக்கும் 2017 ஏப்ரல். இதற்கான சோதனையில், மூடிய அறைக்குள் வண்டியை நிறுத்தி, டேங்கைச் சூடேற்றியும் ஓடி நின்ற எஞ்சின் சூட்டோடும் எவ்வளவு ஆவி கசிகிறது என்று அளப்பார்கள். பி.எஸ்.4இல் ஒரு சோதனைக்கு 2 கிராம் அல்லது 6 கிராம் என்று இரண்டு வழிகள் இருந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது வரம்பு ஒன்றரை கிராமாக இறுகியது.

கழற்றும் வேலையில் கை தேர்ந்தவர்களைப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் எஞ்சின் சூடு பட்ட ரப்பர் ஹோஸ் விறைத்துப்போயிருக்கும். நேராக இழுத்தால் பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்துவிடும். எனவே நோஸ் பிளேயரால் கிளிப்பை அழுத்திப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸை முதலில் அரைச் சுற்று திருகி, பிடி விட்டதும்தான் உருவுகிறார்கள். மேனிஃபோல்டுப் பக்கத்து வாய்க்கு ரப்பர் மூடி. மூடி கிடைக்காவிட்டால் விரல் நீளத்துக்கு ஹோஸை வெட்டி, அதற்குள் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போடுகிறார்கள். இதை விட்டுவிட்டால் எஞ்சின் கணக்கில் இல்லாத காற்றை இழுத்து ஐட்லிங் ஏறி இறங்கும். 'ஏர் புடிக்குது' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். டேங்கிலிருந்து வரும் குழாயை மட்டும் அடைக்கக் கூடாது. அதைச் சைலன்சருக்கு எட்டாத தூரத்தில், ஸ்விங் ஆர்ம் ஓரமாகக் கீழே இறக்கி, நுனியைச் சாய்வாக வெட்டி விடுகிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியானால் மின்வால்வை எடுக்காமல் பிளக்கோடு அப்படியே கட்டிவிடுவார்கள். 2020இல் வந்த முதல் கட்ட மின்னணுக் கண்காணிப்பு (ஓ.பி.டி.), வால்வுக்கு மின் இணைப்பு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. டப்பா இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எஞ்சின் லைட்டும் எரியாது.

எனக்கு வேண்டிய சான்று வண்டியில் கிடைக்கவில்லை, பட்டறையின் பின்பக்கத்தில் கிடைத்தது. கழற்றிய டப்பாக்களைச் சில இடங்களில் பழைய சாமானோடு ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். கேட்டால் கொட்டிக் காட்டுவார்கள். டப்பா கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. பெட்ரோல் குடித்த டப்பா கையில் எடுத்தவுடனே கனக்கும், குலுக்கினால் தளும்பும். உள்வலை கிழிந்திருந்தால் கரித்துணுக்கு கலகலவென்று சத்தம் போடும், மூக்கைக் கவிழ்த்தால் உள்ளங்கையில் கரும்பொடி கொட்டும். அந்தக் குவியலில் அப்படிப்பட்டவை இருந்தன, ஆனால் கொஞ்சம்தான். பெரும்பாலானவை லேசாக, காய்ந்து, ஒரு வாயில் ஊதினால் மறு வாயில் தாராளமாகக் காற்று வருபவையாக இருந்தன. அதாவது நல்ல டப்பாக்கள். அப்படியானால் அவற்றைக் கழற்றியதும் வண்டி ஏன் சரியானது?

கழற்றும்போது டப்பாவோடு சேர்ந்து வேறு இரண்டு குறைகளும் போய்விடுகின்றன என்பதே பதில். ஒன்று, காற்றுவாயில் அடைப்பு. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். டேங்க் மூடியில் தனியாக ஒருவழி வால்வு உள்ள வண்டிகளும் உண்டு, தூசியில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். டப்பா வழியாகவே காற்று வாங்கும் வண்டியில் அந்த வாயில் வாட்டர் வாஷ் சேறு ஏறியிருந்தாலோ, பல மாதம் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலோ, டேங்குக்குள் வாக்கும் பிடித்து எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. நெடுந்தூர ஓட்டத்தில் அணைந்துபோவதும், டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வந்து வண்டி மறுபடி உயிர் பெறுவதும் இதனால்தான். இரண்டாவது, உறிஞ்சு குழாயில் வெடிப்பு. கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவுக்கு ரப்பர் விட்டிருந்தாலும் ஏர் பிடிக்கும். டப்பாவைத் தூக்கி டம்மி போடும்போது அடைபட்ட வாய் ஒதுக்கப்படுகிறது, வெடித்த ஹோஸ் குப்பைக்குப் போகிறது, வண்டி சரியாகிறது. கெட்ட பெயர் டப்பாவுக்கு. குழாயை ஊதிச் சுத்தம் செய்து, புது ஹோஸ் ஒன்று போட்டிருந்தாலும் இதே பலன்தான்.

மூன்றாவது காரணம் வண்டிக்காரருடையது. பெட்ரோல் பங்கில் நாஸில் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டாப் போடுங்க' என்று மூடி விளிம்பு வரை ஊற்றச் சொல்வது நம் ஊரில் விடாத பழக்கம். ஆவி விரிவதற்கென்று டேங்கின் மேல்பகுதியில் விட்டுவைத்த இடம் நிரம்பி, வெயிலில் பெட்ரோல் திரவமாகவே குழாய்க்குள் இறங்கிக் கரியை நனைக்கிறது. சாக்கில் கனத்துக் கிடந்த டப்பாக்கள் இந்த ரகம்தான். ஆவிக்காக உருவான கரியில் திரவம் ஏறினால் எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகும், வண்டி அடைக்கும். இங்கே டப்பா பாதிக்கப்பட்ட பொருளே தவிரக் காரணம் இல்லை.

இதெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரிகிறது. மூடியைத் திறந்து சத்தம் கேட்பது, ஹோஸில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது, ஓடும் எஞ்சினில் உறிஞ்சு குழாயை விரலால் அழுத்தி ஐட்லிங் மாறுகிறதா என்று கவனிப்பது எல்லாம் அவர்கள் கைவசம் இருக்கும் சோதனைகள்தான். பிறகு ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டதற்கு ஒரு மூத்த மெக்கானிக் சொன்ன பதிலைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை: "கழட்டிக் கையில குடுத்தா கூலி கேக்கலாம் சார். ஊதிப் பாத்துட்டு ஒண்ணுமில்ல, அழுக்குதான்னு சொன்னா, அதுக்கு எதுக்குய்யா காசுன்னு கேப்பாங்க." பிரச்சினையைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி தரும் வழக்கம் நம் பட்டறைகளில் இல்லை. மாற்றிய பொருளுக்கும் கழற்றிய பொருளுக்கும்தான் காசு. வெடித்த ஹோஸைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். டப்பாவைத் தூக்குவது கால் மணி நேர வேலை. போதாக்குறைக்கு வண்டிக்காரரே கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி 'இதைக் கழட்டிடுங்க' என்றுதான் வந்து நிற்கிறார். மாட்டேன் என்று சொல்லும் பட்டறை, வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைக்கிறது. ஆகவே கைத்திறன் குறைவு என்று இவர்களைப் பழிப்பது நியாயமில்லை. கண்டுபிடிக்கும் திறனுக்கு விலை இல்லாத சந்தையில் கழற்றும் திறன்தான் வளரும்.

கழற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. பாதி காலியான 12 லிட்டர் டேங்க் காலையிலிருந்து மதியத்துக்குள் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை சூடானால், என் தோராயக் கணக்கில் 5 கிராமை ஒட்டி ஆவி வெளியேறப் பார்க்கும். பெட்ரோலாகச் சொன்னால் ஏறக்குறைய 7 மில்லி. டப்பா இருந்தால் இதில் பெரும்பகுதி எஞ்சினுக்குத் திரும்பும். கழற்றினால் காற்றோடு போகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இது நாளுக்கு 300 மீட்டர். தினமும் இப்படி வெயிலில் நின்றால் ஆண்டுக்கு இரண்டரை லிட்டர். கூடுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. கழற்றியபின் மைலேஜ் கூடியதாகச் சொல்பவர்களின் வண்டியில் முன்பு ஏர் பிடித்துக்கொண்டிருந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். எடை குறைகிறதாம். வண்டிக்காரரின் மதியச் சாப்பாட்டுப் பையைவிட டப்பாவின் எடை குறைவு, அதை விட்டுவிடலாம்.

இன்னும் வலுவான வாதம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளாக டப்பா இல்லாமல்தானே வண்டிகள் ஓடின, ஒரு சின்ன டேங்கிலிருந்து வரும் ஐந்து கிராமில் என்ன குடிமுழுகிப்போகும்? ஓடின என்பது சரி. ஆனால் பி.எஸ்.6 வண்டியின் புகைக்குழாயில் அனுமதிக்கப்படும் ஹைட்ரோகார்பன் கிலோமீட்டருக்கு 100 மில்லிகிராம். நின்ற இடத்திலிருந்து ஐந்து கிராமை வெளியே விடும் வண்டி, ஓடாமலேயே 50 கிலோமீட்டர் ஓட்டத்தின் பங்கைக் கொட்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் இருசக்கர வாகனங்கள் இரண்டு கோடிக்கு மேல். இந்த ஆவி வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகிறது, வெயிலுக்கோ இங்கே பஞ்சமில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது வீட்டுக்குள் நடப்பது. நெருக்கமான தெருக்களில் வண்டியை இரவில் நடைக்குள்ளோ முன்னறையிலோ ஏற்றி நிறுத்துகிறோம். அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வரிசையாக அடுக்குகிறோம். பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம் என்பது விதி, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் உறுதியானது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எஞ்சின் சூட்டோடு வீட்டுக்குள் ஏற்றிய வண்டியின் சாய்வாக வெட்டிய அந்தக் குழாய் நுனி, பாய் விரித்துப் படுப்பவர்களின் மூக்கு உயரத்தில் இருக்கிறது. இதே ஆவியை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்கள், ஹோஸில் வாய் வைத்து ஊதும் மெக்கானிக்குகள்தான்.

பங்கில் லாரி இறக்கும்போது போகும் ஆவிக்கு முன்னால் என் வண்டி எம்மாத்திரம் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் நடவடிக்கை தொடங்கிவிட்டது: மாதம் 300 கிலோலிட்டர் விற்பனை எதிர்பார்க்கும் புதிய பங்குகள் ஆவி மீட்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வழிகாட்டுதல் தந்தது. அங்கே அடைப்பதை இங்கே திறந்துவிடுவதில் அர்த்தமில்லை. தயாரிப்பாளர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. சேறு தெறிக்கும் இடத்தில் காற்றுவாயை வைப்பது, ஐந்து நிமிட வேலைக்கு டேங்கையே இறக்கவைப்பது, ஹோஸைத் தனியாக விற்காமல் முழு செட்டாகத் தருவது எல்லாம் கழற்றும் கையைத் தூண்டும் வேலைகள். மலைப்பாதையில் அடிக்கடி வண்டியைச் சாய்ப்பவர்கள் டப்பா நனைவதைப் பற்றிச் சொல்லும் புகாரையும் நான் ஒதுக்கமாட்டேன். பந்தயத் தடத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டி வேறு கதை, அது தெருவுக்கு வருவதில்லை.

சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மாசு விதியை மீறினால் அதே சட்டத்தின் 190(2)இன்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் மாசு ஆய்வு மையத்தில் நடப்பது என்ன? சைலன்சருக்குள் குழாயை விட்டு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளந்து சான்று அடித்துக் கொடுக்கிறார்கள். டேங்கிலிருந்து போகும் ஆவி அந்தக் கருவிக்கு எட்டுவதே இல்லை. டப்பா கழன்ற வண்டியும் கழலாத வண்டியும் ஒரே சான்றோடு வெளியே வருகின்றன. ஆவியை அளக்க மூடிய அறை வேண்டும், அது ஒவ்வொரு மையத்திலும் நடக்காது. ஆனால் டப்பா இருக்கிறதா, மூன்று ஹோஸும் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் லைட் போதும். அந்த ஒரு வரியைச் சோதனைப் படிவத்தில் சேர்த்தால், ஹோஸை ஊதிப் பார்த்துச் சரிசெய்யும் வேலைக்கு வண்டிக்காரர் காசு தரவேண்டிய நிலை வரும். கழற்றியதைத் திரும்ப மாட்டும் வேலையும் அதே சந்துகளுக்குத்தான் வரும்.