நில் ரிப்போர்ட்

சலமாந்தர் என்ற சொல்லை முதலில் கேட்டது எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், சரித்திர வகுப்பில். முதலாம் பிரான்சுவா மன்னரின் சின்னம் அது; நெருப்புக்குள் நிற்கும் பல்லி மாதிரி ஒரு பிராணி. கட்டுக்கதை என்றே நினைத்திருந்தேன். நம் பக்கத்துக் காடுகளில் கிடையாது. இந்தியாவில் அதன் உறவுக்காரனைப் பார்க்க டார்ஜிலிங் வரை போக வேண்டும்.

போன அக்டோபரில் ஸ்திராஸ்பூரில் மகன் வீட்டில் இருந்தேன். பேத்தி அங்கே உயிரியல் படிக்கிறாள். வோஜ் மலைக்காட்டில் ராத்திரி சலமாந்தர் கணக்கெடுக்கப் போக வேண்டும். கூட வருகிற தோழிக்குக் காய்ச்சல். "தாத்தா, நீங்கள் நோட்டில் எழுதினால் போதும்" என்றாள், பிரெஞ்சில். தமிழில் அவளுக்குச் சுத்தமாக வருவது அந்தத் தாத்தா மட்டும்தான். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை, மறுக்குமா?

கிளம்புமுன் இருவர் பூட்ஸையும் தேய்த்து மருந்துத் தண்ணீரில் நனைத்தாள். நெதர்லாந்தில் ஒரு பூஞ்சை இந்தப் பிராணியை ஏறக்குறைய துடைத்தே விட்டதாம். 2013-இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். பூட்ஸ் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு போகும்.

சலமாந்தர் பார்வைக்குப் பல்லி, உறவில் தவளை. ஒரு சாணுக்குள் நீளம், கறுப்பு உடம்பு, மஞ்சள் திட்டுகள். நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் திட்டு வேறு. படம் பிடித்து ஆள் அடையாளம் கண்டுவிடுகிறார்கள். பகலில் விழுந்த மரத்தடியில் கிடக்கும். மழை ராத்திரியில் மண்புழு தேடி வெளியே வரும்.

குறித்த பாதையில், டார்ச் வெளிச்சத்தில், அடிமேல் அடி வைத்து நடந்தோம். முதல் ராத்திரி ஒன்றுமில்லை. இரண்டாம் ராத்திரியும் அப்படியே. நோட்டை மூடினேன்.

"பூஜ்யம் எழுதவில்லையா?" என்றாள். "வெறுமனே விட்டால் யாரும் போகவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் என்றால், போனோம், தேடினோம், இல்லை." நேரம், குளிர், மழை எல்லாம் பக்கத்திலேயே எழுதச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் உத்தியோக காலத்தில் ஓர் ஐப்பசி மழை. குடிசைச் சேத விவரம் மாலைக்குள் மேலே போக வேண்டும். ஒரு குப்பத்திலிருந்து மட்டும் பட்டியல் வரவில்லை. சைக்கிளில் அரை மணி தூரம். நான் போகவில்லை, 'நில்' என்று எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஓர் அம்மாள் வந்து, "எங்க பேரே இல்லியாமே ஐயா" என்று என் மேஜை முன்னால் நின்றார். திருத்தி அனுப்பிப் பார்த்தேன். கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று திரும்பும்போது காரில் பேத்தியிடம் சொன்னேன். குப்பத்துக்குப் பிரெஞ்சில் சொல் கிடைக்காமல் திணறினேன். அவள் கோபிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "எத்தனை வீடுகள்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மூன்றாம் ராத்திரி நல்ல மழை. பாதை முடியும்வரை பூஜ்யம்தான். காருக்குத் திரும்புகையில் ஐம்பது அடி தள்ளி, சருகின்மேல் வார்னிஷ் அடித்தாற்போல் பளபளவென்று ஒன்று நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி எங்களைப் பார்த்தது. அவள் படம் எடுத்தாள். நான் அவசரமாகப் பேனாவைத் திறந்தேன்.

"அந்தக் கட்டத்தில் வேண்டாம் தாத்தா, பாதை முடிந்துவிட்டது."

கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். குறிப்பு என்ற இடத்தில், என் பள்ளிக்கூடக் கையெழுத்தில், பிரெஞ்சில் எழுதினேன்: பாதைக்கு வெளியே, ஒன்று, உயிருடன்.