மெதுவாக வேலை செய்யும் மருந்து

ஜூன் 9

மருந்துச்சீட்டில் அடோமாக்செட்டின் என்று எழுதி வந்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. வீட்டு நடப்பை இங்கே எழுதப் போவதில்லை. மருந்தைப் பற்றி யோசித்ததை மட்டும் குறித்து வைக்கிறேன். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு-மிகைத் துறுதுறுப்புக் கோளாறுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்த முதல் ஊக்கியல்லாத மருந்து இது, ஆண்டு 2002. அதற்கு முன் எலி லில்லி நிறுவனம் இதை மனச்சோர்வுக்கு முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தது. மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்து காலையில் கொடுத்தால் பள்ளி மணி அடிப்பதற்குள் வேலையைத் தொடங்கி, அன்றைக்கே இறங்கியும் விடும். அடோமாக்செட்டினுக்கு வாரக்கணக்கு. இந்தத் தாமதத்தை எல்லோரும் குறையாகவே சொல்கிறார்கள். எனக்கென்னவோ, தாமதம் புரிந்தால்தான் மருந்தே புரியும் என்று படுகிறது.

ஜூன் 10

நரம்பு முனை வெளியே விட்ட நார்அட்ரினலினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. மருந்து அதை அடைக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் டோபமைனுக்கென்று தனிக் கடத்திகள் மிகக் குறைவு. அங்கே டோபமைனையும் இதே கடத்திதான் அள்ளிக்கொண்டு போகிறது. அதனால் ஒன்றை அடைத்தால் இரண்டும் வெளியே தங்குகின்றன. எலிகளில் அளந்தபோது அந்தப் பகுதியில் இரண்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடின. இன்ப உணர்வுக்குப் பேர்போன அக்கும்பென்ஸ் பகுதியில் டோபமைன் கூடவில்லை. போதைப் பழக்கம் பற்றிய பயம் இந்த மருந்துக்கு இல்லாததன் காரணம் இதுதான். ஆனால் அடைப்பு முதல் நாளே நடந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவு 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்படியிருந்தும் பலன் தெரிய ஒரு மாதம் ஆகிறது என்றால், அடைப்பு வெறும் தொடக்கம்தான். கூடிய நார்அட்ரினலினுக்கு மூளை நாள்பட இசைந்து கொடுப்பதே பலன் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்.

ஜூன் 11

காப்ஸ்யூலைப் பிரித்துத் தேனில் குழைத்துத் தரக் கூடாது. உள்ளிருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரியும்.

ஜூன் 19

ஊக்கி மருந்தை விட இது பலம் குறைந்தது என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான். 2008இல் வெளிவந்த ஆறு வார ஒப்பீட்டில் மெத்தில்ஃபெனிடேட்டுக்கு 56 சதவீதம் பேர் தேறினார்கள், இதற்கு 45, வெற்று மாத்திரைக்கு 24. ஆனால் சராசரி இங்கே ஆளை ஏமாற்றுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 47 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். 40 சதவீதம் பேரிடம் மாற்றமே இல்லை. நடுவில் நின்றவர்கள் வெறும் 13. அதாவது, சராசரிப் பலனை அடைந்தவர் அபூர்வம். அதே 2008 ஒப்பீட்டில், மெத்தில்ஃபெனிடேட் பலிக்காதவர்களுக்குப் பிறகு இதைக் கொடுத்தபோது 43 சதவீதம் பேர் தேறினார்கள். எனவே எது பலசாலி என்று கேட்பதை விட, யாருக்கு எது என்று கேட்பதுதான் சரி. அதற்கு விடை நாலாவது வாரத்தில் ஓரளவு தெரிகிறது: பின்னால் நன்றாகத் தேறப் போகிறவர்களில் பெரும்பாலோரிடம் அதற்குள் சின்ன அசைவாவது இருக்கும். காத்திருக்கலாம், ஆனால் தேதி குறித்துக்கொண்டு.

ஜூன் 20

‘மெதுவாகத்தான் கேட்கும்’ என்று லேகியக்காரரும்தான் சொல்வார். எரிச்சலாக வருகிறது.

ஜூலை 2

பலன் தாமதிக்கிறதே தவிர, தொந்தரவு தாமதிப்பதில்லை. குமட்டல், பசியின்மை, தூக்கக் கலக்கம், கொஞ்சம் கூடுதலாக ஓடும் நாடி எல்லாம் முதல் வாரத்திலேயே வரலாம். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி, மூன்று நாளாவது பொறுத்து 1.2க்கு ஏற்றுகிறார்கள், வயிறு தாங்காவிட்டால் இன்னும் நிதானமாக. சிலருக்கு இதைச் சிதைக்கும் சி.ஒய்.பி.2டி6 நொதி பிறவியிலேயே வலுவற்றது. அவர்களுக்கு மருந்து பாதியாகவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். 2005இல் அமெரிக்காவில் சேர்த்த கட்டமிட்ட எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது: மருந்து எடுத்த 1357 குழந்தைகளில் 5 பேருக்குத் தற்கொலை எண்ணம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. யாரும் இறக்கவில்லை. எண்ணிக்கை சிறியதுதான்; ஆனாலும் முதல் மாதங்களில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருப்பதற்கு அது போதும். உடல் எடையும் உயரமும் முதல் ஆண்டில் பின்தங்கி, மூன்றாம் ஆண்டுக்குள் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகின்றன.

ஜூலை 15

வளர வளரத் தானாகச் சரியாகிவிடுவதை மருந்தின் கணக்கில் எழுதுகிறார்களோ? வலுவான ஆட்சேபம் இது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதில் சொல்லப் பார்க்கிறது. மூன்று மாதம் எடுத்துத் தேறிய 416 பேரைப் பிரித்து, சிலருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஒன்பது மாதத்தில் முதல் குழுவில் 22 சதவீதம் பேருக்குப் பழைய நிலை திரும்பியது, இரண்டாவதில் 38. மருந்துக்கு வேலை இருக்கிறது என்பது தெளிவு. ஆனால் மருந்தில்லாமல் 62 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்களே! மூளை இசைந்துகொண்டது நிலைத்துவிட்டதா, வளர்ச்சிதானா? ஒரே எண் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. எத்தனை மாதம் கழித்து நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.