பைக் ஆயில் கடலுக்கு ஆகாது

எங்கள் கடற்கரையில் ஃபைபர் படகு இன்ஜினுக்கு பைக்குக்கான 2டி ஆயிலைக் கலப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். "ரெண்டும் டூ ஸ்ட்ரோக்தானே அண்ணே?" என்கிறார்கள். இல்லை தம்பி, ரெண்டும் வேற.

பைக் இன்ஜின் பெரும்பாலும் காற்றில் ஆறுவது, சூடு அதிகம். அதைத் தாங்க அந்த ஆயிலில் உலோகச் சேர்மங்கள் இருக்கும். எரிந்தால் சாம்பல் மிஞ்சும். படகின் அவுட்போர்டு இன்ஜினோ கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டே மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். இதில் அந்த ஆயில் போனால் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் சாம்பல் கட்டும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருந்தால் அது சாம்பல் இல்லாத ஆயில். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஃப்சி-டபிள்யூ. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் காக்குமா என்று சோதித்துத் தரும் முத்திரை அது.

கியர் ஆயிலை யாரும் கவனிப்பதே இல்லை, அதுதான் என் பெரிய கவலை. வடிக்கும்போது பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டில் சுற்றிய வலை நரம்பு ஆயில் சீலை அறுத்திருக்கலாம். சீலை மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

பெட்ரோல் லைனில் தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று போடுங்கள். கேனில் கொண்டுபோகும் எரிபொருளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

வடித்த ஆயிலை மணலில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.