காலி வீட்டில் யாரைக் குடி வெச்சீங்க?

நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க? அம்மாவிடம் சொன்ன நேரத்தைக் கேட்கலை. நிஜமான நேரம்!

மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கும்போது என்னுடைய நிஜமான நேரம் விடியற்காலை மூணு மணி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல். பத்து மணிக்கு 'ஒரே ஒரு வீடியோ' என்று போனை எடுப்பேன். கட்டை விரலால் தள்ளத் தள்ள அது பாட்டுக்கு வந்துகிட்டே இருக்கும். காலையில் முதல் ஹவர் கட். இரண்டாவது ஹவர் கடைசி பெஞ்ச்சில் தூக்கம். அம்மா போன் பண்ணினால் மட்டும் டயலாக் ரெடியா இருக்கும்... "படிச்சிட்டு இருக்கேம்மா!"

2023 பிப்ரவரி தொடக்கத்தில் மூணாம் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. நாலு அரியர்! எங்க அப்பா ஊரில் டெய்லர். என் பீஸுக்காக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அவர் கேட்டப்போ, "ரிசல்ட் இன்னும் வரலைப்பா" என்று கூசாமல் சொன்னேன். கெட்ட பழக்கம் எப்பவுமே தனியா வராது பாஸ். பொய்யையும் கூடவே கூட்டிட்டுத்தான் வரும்.

நான் சண்டே ஸ்கூலில் வளர்ந்த பையன். அந்த வாரமே ஒரு வாலிபர் கூட்டத்துக்குப் போனேன். கடைசிப் பாட்டு பாடும்போது கண்ணீர் முட்டிக்கிட்டு வந்தது. 'இயேசப்பா, இனிமே அந்தப் போனைத் தொட மாட்டேன்' என்று தீர்மானம் எடுத்தேன். வெளியே வந்ததும் எல்லா ஆப்பையும் அழிச்சேன். மனசு அப்படியே பஞ்சு மாதிரி பறந்தது.

எத்தனை நாளைக்கு? சரியா நாலு நாள். அஞ்சாம் நாள் ராத்திரி படுத்தேன், தூக்கம் வரலை. கை பரபரன்னு இருந்தது. எல்லா ஆப்பும் திரும்ப வந்துடுச்சு. அன்னைக்கு மூணு மணி இல்லை, நாலரை மணி!

'ஜெபம் பண்ணியும் இப்படியா? அப்போ நான் வேஸ்ட்டா?' - இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கலாம். எனக்கு வந்தது. எங்க சர்ச் ஐயரிடம் போய் எல்லாத்தையும் கொட்டினேன். திட்டுவார்னு நினைச்சேன். சிரிச்சார்.

"தம்பி, பிசாசை விரட்டினது சரி. அந்த வீட்டில் யாரைக் குடி வெச்சே?"

மத்தேயு 12-ம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை ஒண்ணு இருக்கு. ஒருத்தனை விட்டுப் போன கெட்ட ஆவி, சுத்தித் திரிஞ்சுட்டு மறுபடி வந்து பார்க்கும். வீடு கூட்டிப் பெருக்கி, அலங்காரம் பண்ணி, ஆனால் காலியா இருக்கும். உடனே தன்னைவிட மோசமான ஏழு பேரைக் கூட்டிட்டு வந்து குடியேறிடும். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். அது என் ராத்திரி பத்து மணியைப் பற்றிய கதைன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. நான் ஆப்பை அழிச்சேன். ஆனால் அந்த அஞ்சு மணி நேரத்தில் எதையுமே வைக்கலை.

ஐயர் மூணு வேலை கொடுத்தார். ஒண்ணு, பத்து மணிக்குப் போனை இன்னொருத்தர் கையில் கொடுக்கணும். இரண்டு, அதே நேரத்தில், அதே கட்டிலில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் படிச்சு, ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டுப் படுக்கணும். போனில் இருக்கும் பைபிள் கூடாது, புத்தகம்தான். மூணாவது... "யார்கிட்ட பொய் சொன்னியோ, அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடு."

முதல் இரண்டையும் பிப்ரவரி 22, சாம்பல் புதன் அன்னைக்குத் தொடங்கினேன். லெந்து காலம், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுட்டு எண்ணினால் 40 நாள். போனை வாங்கி வெச்சது என் ரூம்மேட், மேலப்பாளையத்துப் பையன். மார்ச் 24-ல் அவனுக்கு ரமலான் நோன்பு தொடங்கிடுச்சு. சஹருக்கு எழும்போது என்னையும் ஒரு உதை விட்டு எழுப்புவான், "எந்திரிச்சுப் படிலே!" ஒரே ரூமில் ரெண்டு நோன்பு.

அதுக்காக நான் ஒரே நாளில் புனிதர் ஆயிட்டேன்னு நினைச்சுடாதீங்க. நடுவில் ரூம்மேட் ஊருக்குப் போன ஒரு ராத்திரி, பழையபடி ரெண்டு மணி வரைக்கும் போன். காலையில் 'எல்லாம் போச்சு'ன்னு உட்கார்ந்திருந்தேன். ஐயருக்குப் போன் பண்ணினேன். "பேதுரு மூணு தடவை மறுதலிச்சார். இயேசு அவரை வேலையை விட்டு நிறுத்தினாரா? இன்னைக்கு ராத்திரி அடுத்த சங்கீதத்தைப் படி" என்று வெச்சுட்டார்.

இதையேதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்களும் வேறு பாஷையில் சொல்றாங்க. 2010-ல் அவங்க வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகிட்டாங்க. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற, சராசரியா 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிசா ஒண்ணும் கெட்டுப்போறதில்லை. விழுந்தது பிரச்னை இல்லை. 'விழுந்துட்டோமே'ன்னு அங்கேயே படுத்துக்கிறதுதான் பிரச்னை!

அந்த மூணாவது வேலை? தள்ளித் தள்ளி ஏப்ரல் 7, புனித வெள்ளி வரைக்கும் கொண்டு வந்துட்டேன். மும்மணி ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம். தையல் மெஷின் மேலே துணி போர்த்தியிருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிட்டேன். "அப்பா, ரிசல்ட் பிப்ரவரியிலேயே வந்துடுச்சு. நாலு அரியர்."

ரொம்ப நேரம் பேசவே இல்லை. அடிச்சிருந்தால் கூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு. அப்புறம் கேட்டார், "ஒரு பேப்பருக்கு எவ்வளவு கட்டணும்?"

எங்க வீட்டில் தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. 'என் மகன் நல்லாப் படிக்கணும் ஆண்டவரே' என்று அப்பா எப்பவும் ஒரே வரியில் முடிச்சுடுவார். அன்னைக்கு ஜெபத்துக்கு முன்னாடி, "அந்த நாலு பேப்பர் பேரையும் சொல்லு"ன்னு கேட்டார். ஒவ்வொண்ணா பேர் சொல்லி ஜெபிச்சார். தெர்மோடைனமிக்ஸை 'தர்மா டைனமிக்ஸ்' என்றார். எனக்குச் சிரிப்பு வரலை.

அடுத்த பரீட்சையில் மூணு பேப்பர் க்ளியர். அந்த 'தர்மா' மட்டும் இன்னொரு செமஸ்டர் இழுத்தடிச்சுட்டு விட்டது. இன்னைக்கும் சில ராத்திரி கை பரபரக்கத்தான் செய்யுது. ஆனால் அந்த நேரத்துக்கு இப்போ வேற ஆள் குடி இருக்கார்.

ப்ரெண்ட்ஸ், உங்க பிரச்னை போனாக இருக்கலாம், சிகரெட்டாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்குப் போயிருந்தால், டாக்டரையோ கவுன்சிலரையோ பார்க்க வெட்கப்படாதீங்க. விடணும்னு சபதம் எடுக்கிறது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திடாதீங்க. விட்ட இடத்தில் என்ன வைக்கப் போறீங்க, யார்கிட்ட உண்மையைச் சொல்லப் போறீங்க... இந்த ரெண்டையும் இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குள்ளே முடிவு பண்ணிடுங்க. சரியா?