ஓசை அடங்கும் கணம்

பழைய காரின் கோளாறைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஓசையைப் போலச் செய்து காட்டித்தான் தொடங்குகிறார்கள். கரகர, கிறீச், ஙொய் என்று ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஆனால் ஒருவர் காதுக்குக் கரகரப்பாகப் படுவது இன்னொருவருக்கு உறுமலாகப் படுமாதலால், கிளட்ச், கியர்பாக்ஸ் கோளாறுகளைக் கண்டறிவதற்கு ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்பதே நம்பகமான சான்று.

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் இந்தச் சான்றின் மதிப்பு பன்மடங்காகிறது. ஏனெனில் அதில் கிளட்ச்சைத் தொட வேண்டுமானால் எஞ்சினையே வெளியே தூக்கியாக வேண்டும். அதன் 1798 சி.சி. எஞ்சின், நம் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சின் பிறந்த அதே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

கார் நின்றபடி நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது, கிளட்ச் பெடலில் கால் படாதவரை, எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுசெல்லும் உள்தண்டும், அதனுடன் பல்லிணைந்த லேஷாஃப்ட் எனப்படும் துணைத்தண்டும் சேர்ந்து சுழல்கின்றன. பெடலை முழுவதும் மிதித்தால் சில நொடிகளில் இரண்டும் நின்றுவிடும். ஆகவே மிதித்ததும் உறுமல் அடங்கினால், பழுது பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத் தாங்கும் பேரிங்கில் இருக்கும். எது என்பதைச் சாலை சொல்லிவிடும்: நான்காவது கியரில் விசை லேஷாஃப்ட்டைச் சாராமல் நேராகவே பின்னோக்கிச் செல்வதால், முதல் மூன்று கியர்களில் உரத்துக் கேட்டு நான்காவதில் தணியும் ஓசை லேஷாஃப்ட்டைச் சுட்டும்; நான்கிலும் குறையாமல் தொடர்வது உள்தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்கச் செய்யும்.

மாறாக, மிதிக்கும்போதுதான் ஓசை பிறக்கிறது என்றால் கவனம் ரிலீஸ் பேரிங்கின் மீது திரும்ப வேண்டும். இக்காலக் கார்களில் அது குண்டுகள் உருளும் பேரிங், எம்.ஜி.பி.யிலோ உலோகக் கிண்ணத்தில் பதித்த கரி வளையம். மிதிக்கும்போதெல்லாம் அது பிரஷர் பிளேட்டின் நடுவே உரசி, ஒவ்வொரு முறையும் சிறிதளவு தேய்கிறது. கரி தீர்ந்து கிண்ணமே எஃகில் உரசத் தொடங்கினால் எழும் கிறீச்சொலி தப்பாமல் காதில் விழும். சிக்னலில் கியரைப் போட்டபடி பெடலை மிதித்துக் காத்திருக்கும் பழக்கம் இந்த வளையத்தின் ஆயுளை வீணே குறைக்கிறது.

ரிவர்ஸ் கியரைப் போடும்போது பற்கள் நறநறவென்று கடிபடுவதைக் கேட்டதும் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வது அவசரத்தின் விளைவு. மிதித்து ஐந்தாறு நொடி பொறுத்த பின்னும் கடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்றே பொருள். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலையும் இணைக்கும் விரல் தடிமனும் இல்லாத பின் ஒன்று உண்டு. பல்லாண்டு உழைப்பில் அந்தப் பின்னின் இடை ஒடுங்கி, அது நுழையும் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அந்த இடைவெளியிலேயே மிதியின் ஒரு பங்கு வீணாவதால், கீழே கிளட்ச் அரைகுறையாகவே பிரிகிறது. எஞ்சினை இறக்கிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத விடை, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு டார்ச் விளக்கொளியில் கிடைத்துவிடக்கூடும்.

ஓசை எல்லாமே நோயும் அன்று. தொடக்க கால எம்.ஜி.பி.களில் முதல் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை; சாய்வாக வெட்டிய பற்களைப்போல அவை மெல்ல மெல்லப் பொருந்துவதில்லையாதலால், புறப்படும்போது எழும் ஊளை அந்தக் கியரின் இயல்பு. அதை அடக்க முயல்வது காரின் குரலையே அழிப்பதாகும்.

எல்லாச் சோதனைகளும் முடிந்து, எஞ்சினை எடுத்தே தீர வேண்டும் என்றாகிவிட்டால், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கரி வளையம் ஆகியவற்றோடு, கிராங்க்ஷாஃப்ட்டின் நுனியில் உள்தண்டைத் தாங்கும் சிறிய வெண்கலப் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். விலை குறைந்த அந்தப் புஷ்ஷை விட்டுவிட்டால், அதற்காகவே எஞ்சினை மறுபடியும் தூக்க நேரிடும்.