நினைவிடமும் சுரங்கமும் ஒரே நாளில்

அக்டோபர் 4, சனி

அப்பா இன்று ஒரு கேள்வி கேட்டார். ஜூனில் அம்மாவைப் புதைத்தோம். செப்டம்பரில் அப்பாவைக் கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) வீட்டிலிருந்து இங்கே போலந்தின் கிராக்கோவுக்கு அழைத்து வந்தேன். வந்ததிலிருந்து "காபி போதும்", "படுக்கிறேன்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

சந்தைச் சதுக்கத்தில் ஒரு பெண் சுற்றுலாத் தாள் கொடுத்தாள். அவுஷ்விட்ஸும் வியெலிச்கா உப்புச் சுரங்கமும், ஒரே நாளில், வழிகாட்டியுடன். இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில்: நாஜி முகாமின் இரும்பு வாசல், உப்புப் பளிங்குச் சரவிளக்கு தொங்கும் தேவாலயம். அப்பா இரண்டாவது படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது மைன்ஸ்தானே? இன்னா ஆழம்?"

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சுற்றுலாப் பாதை 135 மீட்டர் ஆழம் வரை போகிறது. சுமார் 440 அடி என்று சொன்னேன். "நம்ம ஊர்ல அது கெணறும்மா" என்றார். கேஜிஎஃப்பின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது. சொல்லிவிட்டுச் சிரித்தார். என் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 9, வியாழன்

சுற்றுலா நிறுவனத்திடம் பேசினேன். விடிவதற்குள் வேன் கிளம்பும். மேற்கே எழுபது கிலோமீட்டர் போல ஒஷ்வியென்சிம். ஜெர்மானியர்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர்தான் அவுஷ்விட்ஸ். அங்கே மூன்றரை மணி நேரம். முதல் முகாமைப் பார்த்துவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிர்க்கெனாவுக்குப் பேருந்து. மதியச் சாப்பாடு பொட்டலமாக வேனிலேயே. பிறகு கிராக்கோவைக் கடந்து மறுபக்கம் வியெலிச்கா, இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் பூமிக்கடியில். இரவு வீடு.

போனில் பேசிய பெண் அன்பாகத்தான் பேசினாள். "எல்லாரும் இந்த வரிசையில்தான் போவார்கள். காலையில் பார்த்தது கனமாக இருக்கும், சுரங்கம் மனதை லேசாக்கிவிடும்" என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அதன்பின் சமையலில் கை ஓடவில்லை.

அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் குறைந்தது 13 லட்சம் பேர். கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள். பெரும்பாலோருக்கு முகாமில் ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்துக்குள் நச்சுவாயு அறை. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போனவர்கள் தலை முழுகாமல் வேறு வாசற்படி ஏற மாட்டார்கள். இங்கே கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு நேராக அடுத்த இடம்.

ஒரு நாள் விடுப்பில் வந்தவர்கள் என்ன செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நாங்கள் இந்த ஊரிலேயே இருக்கிறோம். எங்களுக்கு அவசரம் ஒன்றுதான்: டிசம்பர் நடுவில் அப்பாவின் விசா முடிகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

சுரங்கத்தில் மொத்தம் 800 படிகள். முதலில் ஒரே மூச்சாக 380 படிகள் இறங்க வேண்டும். அப்பா இன்று எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல நாள். சுரங்கத்தின் படங்களைக் கணினியில் காட்டினேன். உள்ளே வெட்டிய பெரிய அறைகளில் மரத்தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கூரை வரை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து. தேவாலயமும் சிலைகளும் அப்பாவுக்குப் பொருட்டே இல்லை. அந்த மரங்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அவர் இருபது வருஷத்துக்கு மேல் கேஜிஎஃப் சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். எந்தத் தடி பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று திரையில் தொட்டுத் தொட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளை எதற்கென்று அவன் கேட்டதும், "இருட்டுல விளக்கு வெளிச்சத்த அதுதான் திருப்பிக் குடுக்கும்" என்றார். உப்பு ஏறிய மரம் சீக்கிரம் உளுத்துப்போகாது என்று நான் படித்ததைச் சொன்னேன். அதை மட்டும் அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

உள்ளே குதிரைகள் வேலை செய்தன என்பதையும் சொன்னேன். கடைசிக் குதிரை பாஷ்கா மேலே வந்தது 2002-ல். "நம்ம மைன்ஸ மூடினதுக்கு அடுத்த வருஷம்" என்றார். 2001 பிப்ரவரி 28 வீட்டில் யாருக்கும் மறக்காது.

அக்டோபர் 17, வெள்ளி

பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை அழைத்து வர வேண்டாம் என்று அவுஷ்விட்ஸ் நினைவிடத்தாரே பரிந்துரைக்கிறார்கள். தடை என்று இல்லை, பரிந்துரை. எங்கள் பையனுக்குப் பன்னிரண்டு.

சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. கணவர் சுரங்கம் மட்டும் போதும் என்கிறார். பையனோ, தன் வகுப்பில் ஒருவனுடைய கொள்ளுத்தாத்தா அந்த முகாமில் இருந்தவர், இந்த ஊரில் இருந்துகொண்டு தான் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது என்கிறான். அங்கே நான்காம் கட்டிடத்தில், கொண்டுவரப்பட்ட பெண்களிடமிருந்து வெட்டிய கூந்தல் ஏறக்குறைய இரண்டு டன், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அறையில் படம் எடுக்க அனுமதியில்லை. அவன் அங்கே நிற்பதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"பதினாலு ஆனா மட்டும் தாங்கிடுமா? உங்களுக்கே தாங்குமா?"

பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

அப்பா மாலையில் நடக்கப் போகும் இடம் எங்கள் குடியிருப்புக்கு அருகே ஒரு பெரிய புல்வெளி. மேடும் பள்ளமும் புதரும். நாய்களோடு வருவார்கள், குழந்தை வண்டி தள்ளுவார்கள். ஓரமாக, நெஞ்சில் பிளவு ஓடிய கல் மனிதர்கள் தலைகுனிந்து நிற்கும் ஒரு பெரிய சின்னம். இன்று நானும் கூடப் போனேன். அந்தக் கல் மனிதர்கள் யார் என்று கேட்டார்.

இதுதான் பிளாஷூவ் முகாம் இருந்த இடம் என்றேன். 1942-ல் இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேல் கட்டினார்கள். கல்லறைக் கற்களையே பெயர்த்துப் பாதையாகப் போட்டார்கள். அடுத்த மார்ச்சில் விஸ்துலாவின் இந்தக் கரையில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவைக் காலி செய்து, உழைக்கத் தெம்புள்ளவர்களை இங்கே ஓட்டி வந்தார்கள். மற்றவர்களில் நிறையப் பேரைத் தெருவிலேயே சுட்டார்கள், மிச்சமிருந்தவர்களை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். இந்த முகாமின் தளபதியாக இருந்தவன்தான் ஆமோன் கோத்.

அப்பா புல்லிலிருந்து விலகிப் பாதைக்கு வந்துவிட்டார்.

இரவு எல்லாரும் தூங்கிய பிறகு இந்த முகாமைப் பற்றி மேலும் படித்தேன். 1944 வசந்தத்தில் ஜெர்மானியர்கள், குண்டுவீச்சுக்கு எட்டாத இடமாக, ஓர் ஆயுதத் தொழிற்சாலையை மண்ணுக்கடியில் அமைக்கப் பார்த்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது வியெலிச்கா உப்புச் சுரங்கத்தை. வேலைக்குப் பிளாஷூவிலிருந்தும் மியெலெட்ஸ் முகாமிலிருந்தும் யூதக் கைதிகளைக் கொண்டுபோனார்கள். அங்குள்ள கிங்கா பூங்காவில் அவர்களுக்கு முகாம் போட்டார்கள். சோவியத் படை நெருங்கியதும் உற்பத்தி தொடங்காமலே இயந்திரங்களைப் பிரித்துக்கொண்டு, கைதிகளை வேறு முகாம்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

மனதை லேசாக்கும் என்று அந்தப் பெண் சொன்னாளே, அந்தச் சுரங்கம். அப்பா தினமும் நடக்கும் புல்வெளியிலிருந்து அங்கே ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். எங்கள் பிளாஷூவ் நிலையத்தில் நிற்கும் ரயிலில் ஏறினால் சுரங்க வாசல்வரை போய்விடலாம். நான் இத்தனை நாளாக இரண்டு இடங்கள், இரண்டு டிக்கெட் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருஷம் எங்களுக்கு இல்லை. பக்கத்துக் கட்டிடத்துத் தெலுங்குக்காரப் பெண் ஒரு டப்பா மைசூர்பாகு வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் போனாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

படித்ததையெல்லாம் அப்பாவிடம் இன்றுதான் சொன்னேன். சொல்லலாமா என்று இத்தனை நாள் தயங்கினேன். சுரங்கம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துத்தான் அவர் மேலே வந்துகொண்டிருக்கிறார், அதையும் கெடுத்துவிட்டால்?

கேட்டுக்கொண்டே இருந்தார். அவுஷ்விட்ஸுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட துணை முகாம்கள் இருந்தன, அவற்றில் பல நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டியே இருந்தன என்றும் சொன்னேன். யாவிஷோவிட்ஸ் என்ற இடத்தில் 1942 ஆகஸ்டிலிருந்து கைதிகளை இறக்கிக் கரி வெட்ட வைத்தார்கள். உடம்பு ஓய்ந்தவர்களைப் பிரித்து பிர்க்கெனாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள், கொல்வதற்கு.

"புதுசா வந்தவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"கல்லத் தட்டிப் பாத்தா சத்தம் மாறும்மா. எங்க நிக்கணும், எப்ப ஓடணும்னு ஒருத்தன் கூட இருந்து ஆறு மாசம் சொல்லிக் குடுக்கணும். இல்லன்னா மொத வாரமே போயிடுவான். அவங்களுக்கு யாரு சொன்னா?"

அவுஷ்விட்ஸைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்தியது பற்றிப் பேச்சு வந்தது. எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. 1930-ல் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சுரங்கக் கம்பெனி உத்தரவு போட்டபோது, கேஜிஎஃப் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. தாத்தாவும் வேலைக்குப் போகாமல் நின்றவர். "அதுவும் இப்படித்தானேப்பா" என்று ஆரம்பித்தேன்.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத இதோட சேக்காத பாப்பா. எங்கப்பனுக்கு வேணாம்னா ஊரப் பாத்துப் போயிடலாம். பட்டினி கெடக்கலாம், ஆனா போலாம். வேணான்னு சொல்லி நின்னாங்க, ஜெயிச்சாங்க. இவங்க யாருகிட்டப் போயி வேணான்னு சொல்றது?"

பிறகு ரொம்ப நேரம் இருமினார். வெந்நீர் கொடுத்தேன். அவர் நெஞ்சில் இருக்கும் கல் தூசி எந்தக் கம்பெனியின் கணக்கிலும் வராமலே போயிற்று. அதற்கு எனக்குள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது, அது தனியாகவே இருக்கட்டும்.

நவம்பர் 1, சனி

போலந்து முழுக்கக் கல்லறைகளுக்குப் போகும் நாள். ரகோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் விளக்குகள். கேஜிஎஃப்பில் நாளை கல்லறைத் திருநாள். கிறிஸ்தவர் இந்து என்று பார்க்காமல் எங்கள் குடியிருப்பு லைனில் எல்லாரும் போவோம். அம்மாவின் குழிக்கு யாரைப் போகச் சொல்வது என்று அப்பா கேட்டார். சித்தப்பா மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். ஒரே நாள் சுற்றுலா வேண்டாம். சுரங்கம் ஒரு நாள், எல்லாரும். நினைவிடம் வேறொரு நாள், பையன் இல்லாமல். சுரங்கத்துக்கு எப்படியும் அவர்களுடைய வழிகாட்டியோடுதான் இறங்க முடியும்; முன்கூட்டிச் சொன்னால் நடக்க முடியாதவர்களை லிஃப்டில் இறக்கவும் ஏற்பாடு உண்டு. நினைவிடத்தில் நுழைவு இலவசம், வழிகாட்டிக்குத்தான் கட்டணம். இருந்தாலும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே நின்றபடி போன் பார்த்துப் படித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆங்கில வழிகாட்டி சொல்வதை நான் அப்பாவுக்கு மெதுவாகத் தமிழில் சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

பதிவில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அவர் பெயரையே இரண்டு முறை அடித்தேன்.

நவம்பர் 8, சனி

அப்பா லிஃப்டில் இறங்க மாட்டாராம். "கேஜ்ல மேல வரேன். எறங்குறது நடந்துதான்." இதற்கு மேல் பேச்சில்லை.

நவம்பர் 13, வியாழன்

அப்பாவுக்கு இரண்டு இரவாக இருமல் விடவில்லை. காய்ச்சல் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தால்தான் கண் அசருகிறார். மருத்துவரிடம் பதினேழாம் தேதிக்கு நேரம் கிடைத்திருக்கிறது, சுரங்கம் பதினைந்தாம் தேதி. தள்ளிப்போடலாம் என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கணவர் நேரடியாகவே சொல்லிவிட்டார்: இந்த மூச்சை வைத்துக்கொண்டு 380 படி கூடாது.

பையன் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நின்று நின்று இறங்க எவ்வளவு நேரமாகும் என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறான். கூட்டத்தோடு இறங்கும்போது நிற்க விடுவார்களா என்று கேட்டான். நாளை காலை அலுவலகம் போகும் முன் சுரங்கத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும். நினைவிடத்துக்கு இருபத்திரண்டாம் தேதி போட்டதை இன்னும் மாற்றவில்லை.