நாதத்தால் நேர்ந்த சிநேகம்

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் தங்கச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து வேலை தேடி வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையுடைத்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவர், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டு ஊரிலிருந்து பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புக்குப் போகும் இக்காலத்திலும், கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் தம் வீட்டுத் திண்ணையிலேயே மிருதங்கத்துக்குத் தோல் முகமான மூட்டுக் கட்டி வருகிறார். அவருடைய தொழிலை அருகிருந்து காண வேண்டுமென்ற நெடுநாள் ஆவல் ஒரு நாள் நிறைவேறிற்று.

பலாமரக் கட்டையைக் குடைந்த உடல், ஆடு, மாடு, எருமை ஆகிய மூன்றின் தோல், இறுக்கிப் பிடிக்கும் வார் ஆகியவையே மிருதங்கத்தின் மூலதனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வலப்பக்கத்துத் தோல் முகமான வலந்தலையின் நடுவில் கருவட்டமாக அமையும் கரணையை இடும்போதுதான் தொழிலின் சூட்சுமம் புலப்படுகிறது. கிட்டங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, அது உலர்ந்தபின் அடுத்த பூச்சை இட்டு, ஒவ்வொரு முறையும் விரலால் தட்டி நாதத்தைச் சோதித்த அவர், கண்களை மூடிக்கொண்டு கேட்ட சமயங்களில் எந்த வித்வானுக்கும் குறையாத சிரத்தையோடு இருந்தார். தொழில் முதலில் காதில் பிறந்து அப்புறந்தான் கைக்கு வருகிறது என்பது அவருடைய சித்தாந்தம்.

அவர் மிகுந்த பக்தியோடு உச்சரித்த பெயர் தஞ்சாவூர்ப் பர்லாந்துவினுடையது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) என்ற பிராமண வித்வானும், பர்லாந்து என்ற தலித் கிறிஸ்தவக் கைவினைஞரும், ஜாதி வகுத்த எல்லைகள் எத்தனையோ நடுவே நின்றும், ஒரு மிருதங்கம் எப்படிப் பேச வேண்டும் என்ற ஒரே கேள்வியால் நெருங்கினார்கள். ஒருவர் தாம் கேட்க விரும்பிய நாதத்தைச் சொல்ல, மற்றவர் தோலிலும் கரணையிலும் அதைத் தேடினார். பிற்காலத்தில் ஒலிபெருக்கி வேண்டாமென்று மணி ஐயர் பிடிவாதமாக இருந்ததை நினைக்கும்போது, மரத்தையும் தோலையும் பதப்படுத்திய கைகளின்மீது அவர் வைத்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்குகிறது.

இதைச் சமமான சிநேகம் என்று கூற என் மனம் ஒப்பவில்லை. 1966-இல் மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பர்லாந்துவின் குடும்பத்தைப் பற்றியும் அவரைப் போன்ற பிற கைவினைஞர்களைப் பற்றியும் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா விரிவாக எழுதிய நூல் வெளிவர 2020 ஆகிவிட்டது. பசுத்தோலின் நாதத்தைச் சபைகள் ஆராதித்தன. அதைப் பதப்படுத்தியவனை வாசலுக்கு வெளியே நிறுத்தின. ஆயினும் அவ்விருவருடைய காதுகளுக்கிடையே இருந்த ஐக்கியம் பொய்யன்று. அந்த நாதத்துக்கு இருவரும் உரியவர்கள் என்றே நான் கருதுகிறேன். கச்சேரி அழைப்பிதழில் மிருதங்க வித்வானின் பெயருக்குக் கீழே, அதைச் செய்தவரின் பெயரையும் அச்சிட வேண்டும்.

இதைச் சொன்னபோது முதியவர் தலையசைத்தாரேயன்றி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரங்கழித்து, நல்ல கிட்டங்கல் தஞ்சாவூரில் இப்போது யாரிடம் கிடைக்கிறதென்று விசாரித்தார். தம்மிடம் உள்ள பொடியில் மணல் கலந்திருப்பதால் கரணை சீக்கிரம் விரிசல் விடுகிறதாம். அங்குள்ள என் நண்பர்களுக்கு எழுதிக் கேட்பதாக வாக்களித்தேன்.